மரைகளுக்கு விட்ட காடு

"கட்டை எறக்கி வச்சிட்டுப் போ" என்றாள் நாகலெட்சுமி.

பேச்சியம்மா விறகுக் கட்டைத் தலையில் சுமந்தபடி மழையில் நின்றாள். அவள் மகள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் வைக்க லயத்தில் ஒரு காய்ந்த சுள்ளிகூட இல்லை. கெஞ்சிப் பார்த்தாள். நாகலெட்சுமி அசையவில்லை.

"அது மரைங்க படுக்கிற காடு. உள்ள யாரும் கத்தியோட போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல."

பேச்சியம்மா கட்டை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். மாலையில் நாகலெட்சுமி மாட்டுக் கொட்டகையின் பழைய பலகைகளை உடைத்துக் கொடுத்தனுப்பினாள். பேச்சியம்மா அதைத் தொடவில்லை.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே, ஆற்றங்கரையில் இருந்தது அந்த மாட்டுப் பண்ணை. நாகலெட்சுமியின் புருஷன் முத்துலிங்கம் சாகும்போது விட்டுப்போனது. கரையோரம் புல்வெளி. அதற்குப் பின்னால் சரிவில், அவர் காலத்திலிருந்தே கோடரி படாத காடு. மரைகள் என்கிற பெரிய மான்கள் அங்கிருந்து இறங்கி வந்து, மாடுகளோடு மாடுகளாக ஆற்றில் தண்ணீர் குடிக்கும். சரிவுக்குக் கீழே பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயம், குடியுரிமை பறிக்கப்பட்ட தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

பேச்சியம்மாவின் புருஷன் சோலைமலைதான் பண்ணையில் மாடு பார்ப்பவன். அன்று வீட்டில் அவனுக்குச் சோறு விழவில்லை.

"பிள்ளை குட்டி பெத்தவளா இருந்தா இப்படிச் செய்வாளா?" என்று லயமே பேசியது. அவன் காதில் விழாததுபோல இருந்தான். ஆனால் அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

முட்டுவலியால் நாகலெட்சுமிக்குக் குனிந்து பால் கறக்க முடியாமல் போயிற்று. பண்ணையை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

முதலில் வந்தவர் ஹட்டனில் லொறிகள் வைத்திருந்த அழகுமுத்து முதலாளி. பண்ணை அவருக்குப் பிடித்துப்போனது. நல்ல விலைக்கே கேட்டார். சோலைமலையை வேலையில் வைத்துக்கொள்வதாகவும், காட்டை வெட்டும்போது கிளைகளையெல்லாம் லயத்துக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம்.

நாகலெட்சுமிக்கு 'காட்டை வெட்டும்போது' என்றது மட்டும்தான் கேட்டது. அவருக்குத் தேநீர் கொடுத்தாள். பண்ணை அவருக்குச் சரிவராது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

லயம் கொதித்தது. நாலு கால் மிருகத்துக்காக மனுஷர் வயிற்றில் அடிக்கிறாளே என்று பேச்சியம்மா மாரியம்மன் கோயில் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

அடுத்து வந்தவர் கொழும்பிலிருந்து ஒரு தமிழ் வக்கீல். மனைவியோடு ஆற்றங்கரையில் நின்று, மரை ஒன்று குட்டியோடு தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாகலெட்சுமி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"இது மரைங்களுக்காக விட்ட காடுங்க. நீங்களும் வெட்டக் கூடாது. ஒங்களுக்குப் பின்னால வாறவங்களும் வெட்டக் கூடாது. ஒத்துக்கிட்டீங்கன்னா வெலையக் கொறைச்சுக்கிறேன்."

அவர் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு மனசை எங்கும் பார்த்ததில்லை என்றார். அந்த நிபந்தனையைத் தானே காணி உறுதிப் பத்திரத்தில் எழுதுவதாகச் சொன்னார். யாழ்ப்பாணத் தமிழில் ஒன்று மட்டும் கேட்டார்.

"உந்தத் தோட்டத்துச் சனம் காட்டுக்குள்ள வாறதில்லையோ?"

பக்கத்தில் மாட்டுக் கயிற்றோடு சோலைமலை நின்றான். அவர் அவனைப் பார்க்கவில்லை.

"நான் விட்டதில்லைங்க" என்றாள் நாகலெட்சுமி.

உறுதி முடிந்தது. கினிகத்தேனையில் இருந்த தம்பி வீட்டுக்கு அவள் புறப்பட்ட காலையில், லயத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சோலைமலை மட்டும் அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுவரை போனான். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தான். முடியவில்லை.

"மரை மேல வச்ச எரக்கத்துல கொஞ்சம் எங்க மேலயும் வச்சிருக்கலாமேம்மா."

நாகலெட்சுமி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"ஒங்க லயத்துப் பீலியில குடிதண்ணி விழுதே, அது எங்கேருந்து வருது?"

"காட்டுக்குள்ள இருக்கிற ஊத்துலேருந்துதான். ஆத்துத் தண்ணியத்தான் குடிக்க முடியாதே, மாடு எறங்குது."

அவள் தலையாட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள். பண்ணைக்கு வருமுன்னே அவளும் லயத்துக்காரிதான். பட்டிப்பொலப் பக்கம் ஒரு தோட்டம். லயத்துக்கு மேலே இருந்த காட்டை வெட்டினார்கள். அடுத்த வெயில் காலத்தில் ஊற்று வற்றி, பீலியில் தண்ணீர் நின்றுபோனது. கானில் ஓடிய சாக்கடைத் தண்ணீரைக் குடித்தார்கள். வயிற்றோட்டம் கண்டது. அவளுடைய ஒரே மகளை அந்தத் தோட்டத்துத் தேயிலைக்குள்தான் புதைத்தார்கள்.

சோலைமலை பெட்டியைக் கீழே இறக்கி வைத்தான். இத்தனை காலமும் அவளைப் பிள்ளை பெறாதவள் என்றே அவன் நினைத்திருந்தான்.

"இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க சனம் வாய மூடியிருக்குமேம்மா."

"சொன்னா வாங்க வாறவங்க காதுக்கும் போகும். ஒங்க தண்ணி எங்க கையிலன்னு சொல்லி ஒங்கள ஆட்டி வைப்பாங்க."

"வக்கீலய்யா நல்லவராத்தானே தெரியிறாரு. அவருக்கிட்டயாவது உள்ளதச் சொல்லியிருக்கலாமே."

வளைவில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. நாகலெட்சுமி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"மரைக்குன்னு சொன்னேன், ஒடனே எழுதிக் குடுத்தாரு. ஓட்டும் இல்லாத, நாடும் இல்லாத லயத்துச் சனத்தோட குடிதண்ணிக்குன்னு சொல்லியிருந்தா, யாரு சோலமலை எழுதிக் குடுப்பா?"