ராணி டாக்கீஸ் நிறுத்தம்

ஓட்டுநர் இல்லாத ஆட்டோவில் ஏறிக் "குதிரைலாயம்" என்றால் போகிறது. "ராணி டாக்கீஸ்" என்றால் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. மதுரையில் இன்று குதிரையும் இல்லை, அந்தச் சினிமாக் கொட்டகையும் இல்லை. பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை? பரோட்டா கடை செண்பகவல்லிக்குப் பிடிபடவில்லை.

"அப்படி ஓர் இடம் இல்லை. வடக்கு பதினாலாம் நிறுத்தமா?" என்று ஆட்டோ மரியாதையாகக் கேட்டது.

"இல்லையா? என்னைப் பொண்ணு பார்த்ததே ராணி டாக்கீஸ் வாசல்லதான்!"

அவள் கடைக்கு வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வருவார்கள். இப்போது பாதிப் பேர் வந்து சேர்வதில்லை.

"வடக்கு பதினாலுன்னே சொல்லித் தொலைங்களேன் மதினி" என்றார் பக்கத்து சைக்கிள் கடை இருளப்பன்.

"பேரு வச்சது நம்ம சனம். நம்பரு வச்சவன் எவன்?"

அவள் குதிரைலாயத்துக்கே போய்ப் பார்த்தாள். ஆட்டோ ஓர் இஸ்திரி கடை முன் நின்றது. அதன் கேமரா பார்த்த திசையில் அவளும் பார்த்தாள். 'குதிரைலாயம் இஸ்திரி கடை' என்றது பெயர்ப்பலகை.

"அடப்பாவி, நீ போர்டைப் படிச்சுத்தான் ஊரைத் தெரிஞ்சுக்கிறியா!"

திரும்பி வந்ததும் பெயின்ட் வாங்கினாள்.

"போர்டைக் கழட்டச் சொல்லி கார்ப்பரேஷன் ஆளு வந்தா?" என்றார் இருளப்பன்.

"எத்தனையைக் கழட்டுவான்? உங்க கடையிலயும் எழுதுங்க."

'ராணி டாக்கீஸ் பரோட்டா கடை', 'ராணி டாக்கீஸ் சைக்கிள் கடை', எதிரே 'ராணி டாக்கீஸ் மருந்தகம்' என்று தெரு முழுக்கப் பலகைகள் ஏறின. போகிற வருகிற ஆட்டோக்கள் எல்லாவற்றையும் படித்தன. இப்போது "ராணி டாக்கீஸ்" என்று சொன்னால், ஆட்டோ நேராக அவள் கடை வாசலில் வந்து நிற்கிறது.