மேல் வீட்டுத் துக்கம்

"மேல் வீட்டில ஆரோ மோசம் போயிட்டினம் போல கிடக்கு," என்றபடி பனி ஒட்டிய சப்பாத்துகளோடு உள்ளே வந்தான் அன்புராசா.

கோணேஸ்வரி தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள். "ஆர் சொன்னது?"

"எங்கட வீட்டுக்கார எட்வேட்தான். வாசல்படியில குந்திக்கொண்டிருக்கிறார், கண்ணெல்லாம் சிவந்துபோய். என்னெண்டு கேட்டன். 'வீ லொஸ்ற்' எண்டார். கடைசி நிமிசத்தில எல்லாம் முடிஞ்சுதாம்."

"ஆரை இழந்ததாம்?"

"கண் கலங்கி நிக்கிற மனிசனிட்ட அதையும் கேக்கிறதோ?"

கேட்கத் தேவையும் இருக்கவில்லை. எட்வேட்டின் மாமியார் செப்டம்பர் தொடக்கம் பிறம்ரன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எட்வேட்டின் மனைவி வேரோனிக்கா தாயோடு அங்கேயே நிற்கிறாள். அவர்கள் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட்டில் அந்தத் தெருவுக்கே தெரிந்த கதை இது.

"ஓமப்பா, கொஞ்சம் முந்தி மேல கனபேர் சேந்து குழறின சத்தம் கேட்டது. நான் ரீவி எண்டு நினைச்சன்," என்றாள் கோணேஸ்வரி.

"போய் ஒருக்கா முகம் காட்டிப்போட்டு வருவம்."

அதைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்காரன் எட்வேட் வெள்ளிக்கிழமைதான் படியிறங்கி வந்து, பிள்ளை அழுகிற சத்தம் தாங்க முடியவில்லை, மாத முடிவோடு நிலவறையை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தான். மார்கழிக் குளிரில் நாலு மாதப் பிள்ளையோடு எங்கே போவது? சனிக்கிழமை பார்த்த மூன்று வீட்டிலும் கைக்குழந்தை என்றதும் கதவு சாத்தினார்கள்.

"எழும்பு எண்டு சொன்ன மனிசனுக்கு நான் ஏன் முகம் காட்ட வேணும்?"

"அது வேற, இது வேற. செத்த வீடு."

அவன் சொன்னது சரிதான். முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். மத்தியானம் வைத்த கோழிக்கறியைத் தொடவில்லை. துக்கவீட்டில் அடுப்பு எரியாது, மச்சமும் ஆகாது. சோறும் பருப்பும் புதிதாக வைத்து, கத்தரிக்காய்க் குழம்பைக் காரம் குறைத்துச் சமைத்தாள். கோபத்தில் வெட்டினாலும் கத்தரிக்காய் நன்றாகவே வெந்தது.

மேலே போனால், எட்வேட்டோடு ஐந்தாறு தடித்த ஆண்கள் ஆளுக்கொரு மூலையில் தலையைக் குனிந்தபடி இருந்தார்கள். ரீவியைக்கூட நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் நீல உடுப்பு.

"இவையள் துக்கத்துக்குக் கறுப்பெல்லே உடுக்கிறவை?" என்று கோணேஸ்வரி காதுக்குள் கேட்டாள்.

"இது வேற சபையாக்கும். பேசாம இரு."

அன்புராசா எட்வேட்டின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான். எட்வேட் மெல்லக் கதைக்கத் தொடங்கினான். செப்டம்பரில் தே மிகவும் மோசம், நம்பிக்கையே இல்லை. ஒக்டோபரில் தே எழும்பிவிட்டார்கள். இன்றைய ஒரு நாளை மட்டும் தாண்டியிருந்தால் போதும், தே தப்பியிருப்பார்கள்.

கோணேஸ்வரிக்கு மனம் இளகிவிட்டது. 'தே' என்றால் 'அவர்கள்' என்று ஆங்கில வகுப்பில் படித்திருக்கிறாள். மாமியாரை ஒருமையில் சொல்லாமல் வாய்க்கு வாய் 'அவர்கள்' என்கிற மருமகனை அவள் ஊரிலேயே கண்டதில்லை. இந்த மனிதனையா மூன்று நாளாகத் திட்டித் தீர்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"தே வெரி குட்," என்றான் அன்புராசா. "தே ஃபைற் வெரி ஹார்ட்."

ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

கோணேஸ்வரி சோற்றைப் போட்டுக் கொடுத்தாள். முதலில் தயங்கியவர்கள் பிறகு வழித்துச் சாப்பிட்டார்கள். கை வேலையாக இருந்ததால் பிள்ளையை எட்வேட்டின் மடியில் வைத்தாள். அவன் பயந்துபோய்த்தான் பிடித்தான். பிள்ளை அவன் விரலைப் பிடித்துச் சூப்பிக்கொண்டே, அழாமல், அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. அந்த வீட்டில் பின்னேரத்துக்குப் பிறகு எழுந்த முதல் சிரிப்பு அதுதான்.

எட்வேட் தொண்டையைச் செருமினான். "இத்தனை வருசத்தில் ஒருவரும் எங்கள் துக்கத்துக்கு இப்படி வந்ததில்லை," என்றான். "வெள்ளிக்கிழமை நான் சொன்னதை மறந்துவிடுங்கள். நீங்கள் எங்கும் போக வேண்டாம். பிள்ளை என்றால் அழத்தான் செய்யும்."

கோணேஸ்வரியின் கண் நிறைந்துவிட்டது. சந்தோசப்படுகிற இடமா இது என்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துக்கவீட்டில் விடைபெறக் கூடாது என்பதால், ஒன்றும் சொல்லாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு இருவரும் கதவடிக்குப் போனார்கள்.

கதவு வெளியிலிருந்து திறந்தது. வேரோனிக்கா குளிர்க்காற்றோடு உள்ளே வந்தாள். அவள் கையைப் பிடித்தபடி, நத்தார்ப் பண்டிகைக்காக ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டிருந்த அவளுடைய தாய், பொல்லை ஊன்றி ஊன்றி வந்தாள்.

"காரில் ரேடியோ கேட்டேன், எட்வேட்," என்றாள் கிழவி, மூச்சு வாங்கியபடி. "ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றா நம் ஃபுட்போல் பெடியள் பிளேஓஃப் சுற்றுக்குப் போகாமல் விட்டார்கள்? அழாதே மகனே, அடுத்த வருசம் பார்ப்போம்."