ஜெனரேட்டர் எதுக்குங்க?

"ஏனுங் தம்பி, ஊட்டுல தையல் மெஷின்கூட இல்லீன்னு சொல்றீங்க. அப்பறம் இத்தன பெரிய டீசல் ஜெனரேட்டர் எதுக்குங்க?" வீட்டுக்கு வீடு பனியன் தைக்கும் அந்தத் தெருவில், பக்கத்து வீட்டு ஆத்தப்பன் கேட்டார்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஃபில்டரை மாற்றிக்கொண்டிருந்த மகுடேஸ்வரன், "சும்மாதானுங்க" என்றான்.

உள்ளே போலி பிராண்ட் பனியன் தைக்கிறான் என்று ஆத்தப்பன் முடிவுகட்டினார். மறுநாள் கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமியதும், போலீசுக்குப் போன் போட்டுவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்க வீட்டுக்குள் நுழைந்தார்.

கட்டிலில் மகுடேஸ்வரனின் மகள் வர்ஷினி மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இது நின்னா எனக்கு மூச்சு முட்டுமுங்க. கூடப் படிக்கற புள்ளைங்களுக்குத் தெரியாதுங்க, சொல்லீராதீங்க."

வாசலில் ஜீப் வந்து நின்றது. ஆத்தப்பன் ஓடிப்போய் மறித்தார்.

"தப்பாச் சொல்லீட்டனுங்க சார். என்னைய வேணா கூட்டிட்டுப் போங்க!"