பழகிய மாத்திரை

மங்களேஸ்வரியின் தலையைப் பிடித்துச் சுவரில் இரண்டு முறை மோதிய பிறகு, தவசிலிங்கம் ஒரு செம்புத் தண்ணீரும் ஓர் ஆஸ்பிரின் மாத்திரையும் கொண்டுவந்தான். கல்யாணமான புதிதில் பல்வலிக்குப் போட்ட பாதி ஆஸ்பிரினிலேயே அவளுக்கு மூச்சடைத்து உதடு நீலம் பாரித்ததை அவன் மறந்திருக்க மாட்டான்.

"தலைவலிக்குக் கேக்கும். முழுங்குடி."

அவள் முழுங்கினாள். அவன் கதவைத் தாழிட்டு, அவளுடைய இன்ஹேலரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

தங்கச்சி வீட்டுக்கென்று போயிருந்த பத்து நாளும் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தது அவனுக்குத் தெரியாது. ஊசி போட்டு, ரத்தத்தில் எகிறியிருந்த ஈசினோபில் என்ற ஒவ்வாமை அணுக்கள் இறங்கியதும், டாக்டரம்மா கடுகளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, முழு ஆஸ்பிரினையே அவள் உடம்புக்குப் பழக்கிவிட்டிருந்தார். அன்று காலையும் ஒன்று போட்டிருந்தாள்.

அரை மணி போனது, ஒரு மணியும் போனது. அவள் மூச்சு சீராகப் போய் வந்தது. வேர்த்ததெல்லாம் அவனுக்குத்தான்.

"என்னடி, உனக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"என்ன பண்ணணும்ங்க?" என்று கேட்டாள்.

அவன் எழுந்து அவளருகில் வந்தான். அவன் பார்வை மெல்ல அவள் கழுத்துக்கு இறங்கியது.