முதல் வரிசை வசவு

"உங்கம்மா வந்தாச்சு. அதே முதல் வரிசை, அதே நாற்காலி. மடியில எலுமிச்சம்பழப் பை" என்றான் ரோகே, திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு.

எவரிஸ்டோ முகமூடியின் பின்கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான். இன்று அவிழப்போகிற முடிச்சுக்கு எதற்கு இவ்வளவு இறுக்கம் என்று ரோகே கேட்கவில்லை. வருடக்கணக்காகக் குஸ்தியில் ஜோடி சேர்ந்து அடி கொடுத்தவன், அடி வாங்கியவன். எப்போது வாயை மூட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

மெக்சிகோ நகரத்து முகமூடிக் குஸ்தியில் 'இரும்புத்தேள்' என்ற எவரிஸ்டோவின் வேஷப்பெயரைக் கேட்டால் கைக்குழந்தைகூட முகம் சுளிக்கும். நடுவர் திரும்பியிருக்கும்போது அடிவயிற்றில் உதைப்பான். விழுந்து கிடப்பவனின் முகமூடியைக் கிழிப்பான். கேட்டால் பல்லைக் காட்டுவான். அப்படிப்பட்டவன் செப்டம்பர் மாத ஆண்டு விழாவில் மட்டும் தோற்றதே கிடையாது. எத்தனையோ நல்லவர்கள் அவனிடம் முகமூடியைப் பறிகொடுத்து, ஊரறிய முகத்தைக் காட்டி அழுதிருக்கிறார்கள். இவனைத் திட்டித் தீர்ப்பதற்காகவே ஜனம் டிக்கெட் வாங்கியது. அந்த வசவில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது.

இந்த வருடம் தோற்பது அவன் முறை. முழங்கால் போய்விட்டது. 'வெள்ளிச்சிறகு' என்ற புதியவனிடம் தோற்க வேண்டும் என்று முதலாளி சொன்னபோது எவரிஸ்டோ மறுபேச்சுப் பேசவில்லை. தோற்பதில் அவனுக்கு வருத்தமில்லை, அதற்குப் பிறகு செய்ய வேண்டியதுதான் உறுத்தியது. முகமூடியை இழந்தவன் மைக்கைப் பிடித்து, தன் சொந்தப் பெயரையும் ஊரையும் சபைக்குச் சொல்லியாக வேண்டும்.

அவனுடைய அப்பாவும் குஸ்திக்காரர்தான். கோதாவில் கழுத்து முறிந்து செத்தார். பிணத்தின் பக்கத்திலேயே வைத்து, அம்மா ஒஃபேலியா அவன் கையைப் பிடித்துக் குவாதலூப்பே மாதா படத்தின்மேல் வைத்தாள். இனி இந்தத் தொழில் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். அவனும் அழுதுகொண்டே செய்தான். மறுவருடமே முகமூடியை மாட்டிக்கொண்டான். சொந்த ஊர் அபிசாகோவில் இருக்கும் அம்மாவைப் பொறுத்தவரை அவன் வடக்கே, மான்டெர்ரேயில், கண்ணாடித் தொழிற்சாலை மேஸ்திரி.

ஆனால் குஸ்திக்காரனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த ருசி விடவில்லை போலும். வருடா வருடம் ஆண்டு விழாவுக்குப் பஸ் ஏறி வந்துவிடுவாள். வந்து உட்கார்ந்து, சொந்த மகனையே வாய்க்கு வந்தபடி திட்டுவாள். "உன்னையெல்லாம் பெத்தவ என்ன பாவம் பண்ணினாளோ" என்று ஒருமுறை அவள் கத்தியதில் பக்கத்து வரிசைகளெல்லாம் கைதட்டின. அன்று முகமூடிக்குள் அவன் அழுதது யாருக்கும் தெரியாது.

எலுமிச்சம்பழமும் எறிவாள். ஒன்றுகூட அவன்மேல் பட்டதில்லை. உங்கம்மாவுக்குக் குறி பார்க்கவே தெரியவில்லை என்று ரோகே கிண்டலடிப்பான். எவரிஸ்டோவுக்கு அதுதான் ஆச்சரியம். சின்ன வயதில் அவள் எறிந்த செருப்பு எந்தச் சந்தில் திரும்பி ஓடினாலும் முதுகைத் தேடி வரும். பாவம், பார்வை மங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

"இப்பவாவது போய் தனியாச் சொல்லிடேன். சபையில கேட்டா தாங்க மாட்டாங்க" என்றான் ரோகே.

"மாதா மேல பண்ணின சத்தியம்டா. தெரிஞ்சா செத்தாலும் என் முகத்துல முழிக்க மாட்டா."

மணி அடித்தது.

முழங்காலை இழுத்துக்கொண்டு அவன் கடைசி முறையாக எல்லா அயோக்கியத்தனமும் செய்தான். முதல் வரிசைக் குரல் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. இன்றைக்கென்று பார்த்து அதிலே ஒரு கரகரப்பு. வெள்ளிச்சிறகு மேல் கயிற்றிலிருந்து பாய்ந்தான், நடுவர் மூன்று எண்ணினார், முடிந்தது.

எவரிஸ்டோ முடிச்சைத் தானே அவிழ்த்தான். வேர்வையில் நனைந்த முகம் வெளிச்சத்துக்குக் கூசியது.

"என் பேரு எவரிஸ்டோ லூனா பெரால்ட்டா" என்றான். "ஊர் அபிசாகோ. கோதாவுல ஏறி இருபது வருஷம் ஆச்சு."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. இத்தனை வருடம் திட்டியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் ஒருத்தி மட்டும் எழவில்லை, தட்டவுமில்லை.

அவன் கயிற்றுக்கு அடியில் நுழைந்து இறங்கி, அவள் எதிரே மண்டியிட்டான். "சத்தியத்தை மீறிட்டேன்மா."

ஒஃபேலியா தன் சால்வை நுனியால் அவன் நெற்றியைத் துடைத்தாள். "முதல் வருஷமே தெரியும். உங்கப்பன் நடைடா உனக்கு. வர்ற வழியில மாதா கோயில்ல உனக்காக மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வருஷா வருஷம் இங்க வர்றேன்."

அவன் அந்தச் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டான். "அப்புறம் ஏம்மா அத்தனை திட்டு?"

"போக்கிரி வேஷம் போட்டவனுக்குப் பெத்தவளே கைதட்டினா, பொழப்பு என்னாகும்?" என்ற ஒஃபேலியா, எலுமிச்சம்பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, இருபது வருடத்தில் முதல்முறையாகத் தன் மகனுக்குக் கைதட்டினாள்.