ஓரத்தில் எழுதியவன்

அது அவருடைய மனைவியின் கையெழுத்து இல்லை.

சர்வேயர் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அடிபட்ட கார்களைப் பார்த்து, கீறல் பழசா புதுசா, ஓனர் சொல்வது நிஜமா புளுகா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். இருபது வருஷத்தில் ஒருத்தனும் அவர் கண்ணில் மண்ணைத் தூவியதில்லை.

சொந்த வீட்டில் தூவியிருக்கிறார்கள்!

அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடித்தான் மனைவியின் அலமாரியைக் குடைந்தார். நாலு மணிக்கு முதியோர் இல்லத்து வேன் வருகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். பேச்சில்லை, வலது பக்கம் அசைவில்லை, பின்னறைக் கட்டிலில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

"அவரை அனுப்பவே கூடாது" என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். அதனால்தான் அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் லீவு போட்டிருந்தார்.

ஃபைல் கிடைத்தது. புடவைகளுக்கு அடியில் இந்த நூலகப் புத்தகமும் கிடைத்தது.

ஏதோ பழைய நாவல். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒருவனைக் கண்டு ஊரே பயப்படுகிற கதை. பக்கத்துக்குப் பக்கம், ஓரத்தில் பென்சிலால் கேள்வியும் பதிலும். கேள்விகள் மனைவியின் குண்டு எழுத்து. பதில்கள் கோணல்மாணலாக, தாளே கிழிகிற அழுத்தத்தில். 'நிதானத்தில் இல்லாத பயல்' என்று சர்வேயர் மனதுக்குள் ரிப்போர்ட் எழுதினார்.

'இவனை ஏன் ஊரே வெறுக்கிறது?' இது அவள்.

'பேசாதவன். அவனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லலாம்.' இது அவன்.

'சிறகொடிந்த நாரை ஏன் அடிக்கடி வருகிறது?'

'அவன்தான் அது. ஒரு பாவமும் அறியாதது.'

சர்வேயருக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவரிடம் அவள் கேட்டதெல்லாம் "சாப்பாடு போடட்டுமா?", "கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டீங்களா?" இவ்வளவுதான். நாரையைப் பற்றி ஒரு வார்த்தை? கேட்டிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருக்க மாட்டாரா?

அடுத்த பக்கம் இன்னும் மோசம். 'நேற்று ஒரு வரிகூட இல்லையே? ஏமாந்து போனேன்' என்று அவள் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அந்தக் கோணல் எழுத்து: 'நீ வரும் சத்தம் கேட்டால்தான் எனக்கு விடிகிறது.'

கடைசி அட்டையைத் திருப்பினார். தேதி முத்திரை குத்தும் தாள். ஏழு மாதமாக, பதினைந்து நாளுக்கு ஒரு முத்திரை. பக்கத்தில் உறுப்பினர் எண் 412, 412, 412... அத்தனையும் அவளுடைய எண். வேறு எண் மருந்துக்குக்கூட இல்லை. ஏழு மாதமாக இதையேவா கட்டிக்கொண்டு திரிந்தாள்!

மாமனாரைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று வேலையை விட்டாளே, அதன் சூட்சுமம் இப்போது புரிந்தது. பகல் முழுக்க ஆளில்லாத வீடு. சாட்சிக்கு வாய் திறக்காத ஒரு கிழவர்.

கடைசிப் பக்கத்தில் அவன் எழுதியிருந்தான்: 'அவனிடம் சொல்லிவிடாதே. நேரம் வரட்டும். நானே சொல்கிறேன்.'

சர்வேயர் மனைவிக்குப் போன் போட்டார்.

"யாரு அவன்?"

"எவன்ங்க?"

"அதான், அந்த நாரைக்காரன்!"

"ஐயோ... படிச்சுட்டீங்களா?" குரலில் பயமே இல்லை. சிரிப்பு இருந்தது. அதுதான் அவரைச் சுட்டது.

"யாருன்னு கேட்டேன்!"

"நான் சொல்ல மாட்டேன்ப்பா. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அவரே உங்ககிட்ட சொல்லணும்னு எவ்வளவு ஆசையா இருக்காரு தெரியுமா? சாயங்காலம் வந்துடறேன், மூணு பேருமா உக்காந்து..."

"மூணு பேரா? வெக்கமா இல்ல உனக்கு? உங்க அக்கா வீட்லயே கெட. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத!"

"ஏங்க, என்ன பேசறீங்க? ஒரு நிமிஷம் நான் சொல்றத..."

துண்டித்தார். போன் மறுபடி அலறியது. அணைத்து சோபாவில் வீசினார்.

வாசலில் வேன் ஹாரன். இரண்டு ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தார்கள். நீட்டிய தாள்களில் சர்வேயர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"பின்னறைல இருக்கார். தூக்கிட்டுப் போங்க."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும் சார். சில பேர் பயந்துடுவாங்க."

"அவருக்கு ஒண்ணும் புரியாதுய்யா. செவுத்துக்குச் சொல்றதும் அவருக்குச் சொல்றதும் ஒண்ணுதான்."

அவர்கள் பின்னறைக்குப் போனார்கள். சர்வேயர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வக்கீலிடம் புத்தகத்தைக் காட்டினால் போதுமா, அக்கம்பக்கத்தில் விசாரித்து அந்தப் பயலைப் பிடித்து உலுக்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. ஏதோ இழுபறி மாதிரி சத்தம்.

மூத்த ஊழியர் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"சார், பெரியவர் இடது கையில ஒரு துண்டுப் பென்சிலை வெச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறாரு... பிடுங்கிடலாமா?"