இல்லை என்பதற்கு இன்னொரு சொல்

"தண்ணின்னு கேக்கவே அவருக்கு வாய் வரல. அவருக்குப் போய் இந்தச் சொல்லா?"

பேச்சுப் பயிற்சியாளர் லியோனோரைக் கண்டாலே பெலனுக்கு எரிச்சலாக வந்தது.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா எவரிஸ்தோவிடம் மிஞ்சியது 'நோ' என்கிற ஒரு சொல்தான். காபி வேண்டுமா என்றால் நோ. கோப்பையைக் கொடுத்தால் குடித்துவிடுவார். ஜன்னலைத் திறக்கவா? நோ. மூடவா? அதற்கும் நோ.

லியோனோர் தினமும் நடத்தியது ஒரே பாடம்: 'டிஸ்க்ரெப்போ.' ஸ்பானிஷில், எனக்கு இதில் உடன்பாடில்லை என்று அர்த்தம். வக்கீல்கள் வாயிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் வருகிற சொல்.

சாந்தாந்தேர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவருக்கு எதற்கு இது, 'க்ரேயோ கே நோ', அப்படித் தோணலை என்று சொன்னால் போதாதா என்று கேட்டாள் பெலன். அது அவருக்கு ஒத்துவராது என்று மட்டும் சொன்னாள் லியோனோர்.

பெலன் மருத்துவமனையில் புகார் செய்தாள். அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அந்த வாரம் நோட்டரி வீட்டுக்கு வந்தார். அப்பாவின் வீட்டை விற்க பெலன் பெயருக்குப் பவர் எழுத வேண்டும். விற்றுவிட்டு அவரை மாட்ரிட்டுக்குத் தன்னோடு அழைத்துப் போவது அவள் திட்டம். அங்கே அவருக்குத் தனி அறைகூட ஒழித்து வைத்துவிட்டாள்.

நோட்டரி பத்திரத்தை நிதானமாகப் படித்துவிட்டு, சம்மதமா என்று கேட்டார்.

"நோ."

"எல்லாத்துக்கும் அப்படித்தான் சார் சொல்வார். காபிக்கும் நோதான். கொடுத்தா குடிச்சிடுவார்."

நோட்டரி தலையசைத்துவிட்டுப் பேனாவை நீட்டினார்.

எவரிஸ்தோ அதை வாங்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"டிஸ்... க்ரெப்போ."

நோட்டரி பத்திரத்தை மூடினார். "இதை வாய் தவறிச் சொல்ல முடியாதும்மா."

மறுநாள் லியோனோரைப் பெலன் சமையலறையிலேயே நிறுத்தினாள். அப்பாவை எனக்கு எதிராகத் தூண்டிவிடத்தான் இந்தச் சொல்லைப் பொறுக்கி எடுத்தீர்களா என்று கேட்டாள்.

லியோனோர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"நான் பொறுக்கலை. முதல் நாள் தண்ணி, பசி, வலின்னு ஒவ்வொண்ணா சொல்லிப் பார்த்தேன். அப்புறம் தோணலை, பிடிக்கலைன்னு எல்லாம் சொன்னேன். இது ஒண்ணுக்கு மட்டும்தான் அவர் நோ சொல்லலை."